தொழிற்சங்க ஒப்பந்தக் கூறுகளும் நீதிப் புனராய்வும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் ஒரு கூறு குறித்துத் தொழில் தீர்ப்பாயமோ தொழிலாளர் நீதிமன்றமோ வழங்கும் முடிவை, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எந்த அளவுக்குப் புனராய்வு செய்யலாம் என்னும் வினா 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தோடு தோன்றியது. சென்னை மாகாணத்திலும் பின்னர்த் தமிழ்நாட்டிலும் எழுந்த வழக்குகள் அவ்வினாவுக்கான விடையை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்துள்ளன. அவ்விடை ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அதனைக் காக்கும் தன்மையது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அதனை உருவாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சிறு ஆலைகளும் துண்டுவேலையும் ஒப்பந்தக்காரர் வழி ஆளெடுப்பும் நிறைந்த வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் இவ்வெல்லை தெளிவாகப் புலப்படுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நீதிப் புனராய்வு, தொழில் தீர்ப்பாயம், 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம், குறைந்தபட்ச ஊதியம், தோல் பதனிடுதல், பாலாறு.

1. முன்னுரை

தொழிலாளரிடையே ‘ஷரத்து’ என வழங்கும் ஒப்பந்தக் கூறு, பார்வைக்கு ஒரு வரியாகவோ இரு வரியாகவோ இருக்கும். பஞ்சப்படி எந்தக் கணக்கில் ஏறும், உற்பத்தி குறைந்தால் கூலி குறையுமா, ஆலை மூடப்படும் நாள்களுக்கு ஊதியம் உண்டா, தற்காலிகப் பணியாளர் எப்போது நிரந்தரமாவார் என்பன அவ்வரிகளில் தீர்மானமாகின்றன. அவ்வரிக்குப் பொருள்கொள்வதில் கருத்து வேறுபாடு தோன்றினால் வழக்கு சமரச அலுவலரிடமும், பின்னர் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசின் ஆற்றுப்படுத்தலால் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தொழில் தீர்ப்பாயத்துக்கோ சென்றது. அங்குக் கிடைக்கும் முடிவும் பெரும்பாலும் இறுதியாவதில்லை. தோற்ற தரப்பு அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுகிறது. 136ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தையும் நாடலாம்.

இந்நீண்ட பாதையைச் சட்ட நூல்கள் கோட்பாடு நோக்கில் விரிவாக விளக்கியுள்ளன. ஆனால் அக்கோட்பாடு எத்தகைய தொழிலமைப்பை மனத்திற் கொண்டு வளர்ந்தது, அதற்கு மாறான தொழிலமைப்பு கொண்ட ஒரு வட்டாரத்தில் அது எவ்வாறு செயற்பட்டது என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது. இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைப் பாலாற்றுப் படுகை வழியே இணைக்கும் தோல் தொழில் வட்டாரம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின் இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அடங்குகின்றன.

2. ஒப்பந்தம்: தடையாணையிலிருந்து சட்டக் கருவி வரை

சென்னையில் தொழிற்சங்கமும் ஒப்பந்தச் சட்டமும் முதன்முதலில் எதிரெதிராகவே சந்தித்தன. 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1920இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலையில் எழுந்த போராட்டத்தின்போது உயர் நீதிமன்ற வழக்கைச் சந்தித்தது. பணி ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது பி. பி. வாடியா முதலிய தலைவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை பிறப்பித்தது. 1921 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கப் பொறுப்பிலிருந்து விலகினார். அக்காலப் பொதுச் சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தம் என்பது தனித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடைப்பட்டது. சங்கம் அதில் குறுக்கிடும் மூன்றாம் தரப்பு. இவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியின் தொடர்ச்சியாக, 1921இல் என். எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பதிவுபெற்ற சங்கங்களுக்கு இத்தகைய உரிமையியல் வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளித்தது.

ஆயினும் 1926ஆம் ஆண்டுச் சட்டம் சங்கத்தைக் காத்ததே தவிர, சங்கம் செய்யும் ஒப்பந்தத்துக்கு வலிமை தரவில்லை. நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தே ஆகவேண்டும் என்னும் திருத்தம் 1947இல் நிறைவேறியும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதே ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமே ஒப்பந்தத்துக்குச் சட்ட வலிமையை அளித்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன் 18ஆம் பிரிவு இருவகை ஒப்பந்தங்களை வேறுபடுத்திற்று. சமரச நடவடிக்கைக்கு வெளியே இரு தரப்பும் தாமே செய்துகொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையொப்பமிட்ட தரப்பினரை மட்டும் கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் 12(3) பிரிவின்கீழ் ஏற்படும் ஒப்பந்தம், 18(3) பிரிவின் வழியாக, அந்நிறுவனத்தில் அன்று பணிபுரிவோரையும் பின்னர்ச் சேர்வோரையும், எச்சங்கத்தைச் சார்ந்தவராயினும், கட்டுப்படுத்தும். ராம்நகர் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இல் இவ்விளக்கத்தை உறுதிசெய்தது.

இங்கு ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளுதல் தகும். இந்தியாவில் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வலிமை இருதரப்பு இசைவிலிருந்து மட்டும் பிறப்பதன்று. சட்டம் அதற்கு அளிக்கும் பரப்பிலிருந்து பிறப்பது. ஆகவே ஒரு கூற்றின் பொருள் யாது என்னும் வினாவுக்கு முன்பாகவே, அக்கூறு யாரைச் சென்றடைகிறது என்னும் வினா நிற்கிறது.

3. தீர்ப்பாயத்தின் அதிகாரமும் புனராய்வின் எல்லையும்

தொழில் தீர்ப்பாயம் உரிமையியல் நீதிமன்றம் போன்றதன்று என்பதை மேற்கிந்திய மோட்டார் வாகனச் சங்க வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 1949இல் தெளிவாக்கியது. பணியிலிருந்து நீக்கப்பட்டவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என அது கூறிற்று. சாதாரண ஒப்பந்தச் சட்டத்தில் இடமில்லாத ஒரு தீர்வு இதனால் தொழிற்சட்டத்தில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு பாரத் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு முடிவுகளுக்கு வந்தது. தீர்ப்பாயம் ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதோடு நிற்க வேண்டியதில்லை, புதிய உரிமைகளையும் கடமைகளையும் உருவாக்கலாம் என்பது ஒன்று. அத்தீர்ப்பாயத்தின் முடிவு 136ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது என்பது மற்றொன்று. தீர்ப்பாயத்தின் அதிகாரம் விரிந்த அதே வேளையில் அதன்மீதான மேற்பார்வையும் நிலைபெற்றது.

உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் சற்று வேறானது. செர்ஷியோரரி எனப்படும் ஆவணக் கேட்புப் பேராணை மேல்முறையீடு அன்று. இவ்வேறுபாட்டை வகுத்த தொடக்ககால வழக்குகளுள் ஒன்று சென்னையிலிருந்து சென்றது. பாரி நிறுவனத்துக்கும் சென்னை வணிக ஊழியர் சங்கத்துக்கும் இடையே, 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்த் தொழிலாளர் ஆணையர் அளித்த முடிவு குறித்து எழுந்த வழக்கு அது. தன் அதிகார வரம்புக்குள் நின்று ஆணையர் அளித்த முடிவு பிழையானது என்பதற்காக மட்டும் அதனைப் பேராணை வழியே நீக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1952இல் தீர்ப்பளித்தது. சென்னை மாநிலத்துக்கும் சி. பி. சாரதிக்கும் இடையிலான வழக்கிலும் அதே ஆண்டில் ஒரு முக்கியமான முடிவு கிடைத்தது: தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் அரசின் செயல் நிர்வாகச் செயலே, அவ்வாணையில் தகராறின் விவரங்கள் நுணுக்கமாக இல்லை என்பதால் அது செல்லாததாகிவிடாது. 1963இல் சையத் யாகூப் வழக்கு இவ்வெல்லைகளைத் தொகுத்தது. அது பேருந்து உரிமம் பற்றிய சென்னை வழக்கே ஆயினும் தொழிலாளர் வழக்குகளில் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. அதிகார வரம்பு மீறல், இயற்கை நீதி மறுப்பு, ஆவணத்தின் முகப்பிலேயே தெரியும் சட்டப்பிழை ஆகியவற்றுக்காக உயர் நீதிமன்றம் தலையிடலாம். சான்றுகளைத் தானே மீண்டும் எடைபோடலாகாது என்பது அதன் சாரம்.

அமெரிக்க நடைமுறையோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அங்கு 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்தை வலுவாக நிறுவியது. நிர்வாகம் சங்கத்தோடு பேரம் பேசுவதைக் கடமையாக்கியது. வாரியத்தின் மெய்ம்மை முடிவுகளை முழு ஆவணத்தையும் நோக்கி ஆராய வேண்டும் என யுனிவர்சல் கேமரா வழக்கு 1951இல் கூறியது. ஒப்பந்தக் கூற்றுக்குப் பொருள் உரைப்பதில் வாரியத்தின் கருத்துக்கு நீதிமன்றம் தனிமதிப்பு அளிக்க வேண்டியதில்லை என லிட்டன் வழக்கு 1991இல் முடிவுசெய்தது. அங்குப் பேரம் பேசும் கடமை முன்னே நிற்க, கூற்றின் பொருள் பற்றிய வழக்கு பின்னே வருகிறது. இந்தியாவில் ஒப்பந்தத்தைக் காக்கும் வழக்குச்சட்டம் செழித்தது. ஒப்பந்தம் பேசும் கடமை நெடுங்காலம் சட்டத்தில் உறுதிபெறவில்லை. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேரம் பேச மறுப்பதை முறையற்ற தொழிலாளர் நடைமுறை என அறிவித்தது. ஆயினும் அங்கீகாரத்துக்கான சட்டவிதி மத்தியச் சட்டத்திலோ தமிழ்நாட்டுச் சட்டத்திலோ இல்லாமையால் அதன் பயன் குறுகியது.

4. கூறுகள் நீதிமன்றத்தின் முன்

ஒப்பந்தக் கூறுகளைப் பற்றிய தீர்ப்புகளை மூன்று வகைப்படுத்தலாம்.

முதல்வகை, கூற்றுக்குப் பொருள் உரைப்பது பற்றியது. 36ஏ பிரிவு ஐயம் தோன்றும்போது அரசு அதனைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வழிசெய்தது. இதைவிடப் பயன்மிக்கதாக அமைந்தது 33சி(2) பிரிவு. ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய தொகையைக் கணக்கிட்டுத் தருமாறு தனித்தொழிலாளியே இதன்கீழ் விண்ணப்பிக்க முடிந்தது. கணக்கிடுவதற்குத் தேவையானால் தொழிலாளர் நீதிமன்றம் ஒப்பந்தத்துக்கும் தீர்ப்புரைக்கும் பொருள் உரைக்கலாம் என மத்திய வங்கி – பி. எஸ். ராஜகோபாலன் வழக்கு 1963இல் கூறியது.

இரண்டாம்வகை, கூறு நியாயமானதா என்பது பற்றியது. ஒப்பந்தத்தை ஒரு முழுமையாகவே நோக்க வேண்டும். ஒரு கூற்றைத் தனியே பிரித்தெடுத்து நல்லது, தீயது எனத் தீர்மானித்தல் கூடாது என ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கு 1976இல் வழிவகுத்தது. பாமர் லாரி வழக்கில் இந்நோக்கு மேலும் தெளிந்தது. ஊதிய நிலுவையில் 15 விழுக்காட்டைச் சங்க நிதிக்காகப் பிடித்தம் செய்ய இசைந்த கூற்றைச் சங்க உறுப்பினரல்லாதோர் எதிர்த்தனர். ஒப்பந்தத்தின் பயனைப் பெறுவோர் அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்னும் அடிப்படையில் 1984இல் உச்ச நீதிமன்றம் அக்கூற்றை ஏற்றது.

மூன்றாம்வகை, கூறு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது பற்றியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், அறிவிப்புக் கொடுத்து அதனை முடிவுறுத்தினாலும், புதிய ஒப்பந்தமோ தீர்ப்புரையோ வரும்வரை பழைய நிபந்தனைகள் தொடரும் என்பதை ஆயுள் காப்பீட்டுக் கழகம் – டி. ஜே. பகதூர் வழக்கு 1980இல் நிறுவியது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவ்வரிசையில் தலையாயது ரெப்டகாஸ் பிரெட் வழக்கு. அந்நிறுவனத்தின் சென்னைத் தொழிலாளர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஒப்பந்தங்கள் வழியே படிநிலைப் பஞ்சப்படி முறையைப் பெற்றுவந்தனர். அம்முறையை நீக்கக் கோரிய நிர்வாகத்தின் வேண்டுகோளைச் சென்னைத் தொழில் தீர்ப்பாயம் ஏற்றது. உயர் நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. 1991இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் நீக்கியது. தொழிலாளருக்குப் பாதகமாக ஊதிய அமைப்பை மாற்ற வேண்டுமானால் நிறுவனத்தின் நிதிநெருக்கடியை நிர்வாகமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 1957ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த தேவை சார்ந்த ஊதியக் கூறுகளோடு, குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமை, திருமணம் முதலியவற்றுக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் 25 விழுக்காடு அமைய வேண்டும் எனவும் சேர்த்தது. இத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். அப்பெயரை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

புனராய்வு முறையின் மற்றொரு விளைவு காலதாமதம். பணியமர்த்த ஆணைபெற்ற தொழிலாளி மேல்வழக்கு முடியும்வரை வருமானமின்றி நிற்கும் நிலை இருந்தது. இதற்குத் தீர்வாக 1982ஆம் ஆண்டுத் திருத்தம் 17பி பிரிவைச் சேர்த்தது. 1984இல் அது நடைமுறைக்கு வந்தது. மேல்வழக்குக் காலத்தில், வேறு நிறுவனத்தில் பணிபுரியாத தொழிலாளிக்கு அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தை நிர்வாகம் வழங்க வேண்டும் என்பது அதன் விதி. புனராய்வு என்பது கோட்பாட்டளவில் குறுகியதாயினும், காலத்தால் தொழிலாளரை வெல்லக்கூடியது என்பதைச் சட்டமியற்றுவோரே ஒப்புக்கொண்டதற்கு இப்பிரிவு சான்று.

5. தோல் வட்டாரத்தில் ஒப்பந்தத்தின் இடம்

மேற்கண்ட வழக்குகளில் வரும் நிறுவனங்களை நோக்கினால் ஓர் ஒற்றுமை தெரியும். வங்கி, காப்பீட்டுக் கழகம், மருந்து நிறுவனம், சர்க்கரை ஆலை என அவை பெரும்பாலும் பதிவேடும் நிரந்தரப் பணியாளரும் நிலையான சங்கமும் உடையவை. தோல் வட்டாரத்தின் அமைப்பு வேறு.

பாலாற்று நீரும் ஆவாரம்பட்டையும் கிடைத்த இப்பகுதியில், தாவரச் சாற்றால் பதனிட்ட பாதிப்பதத் தோல் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ஏற்றுமதியாயிற்று. சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைத்தல், மயிர் நீக்குதல், சதை சீவுதல், பட்டைச்சாற்றில் போடுதல் என ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் குழுவினரின் துண்டுவேலையாக நடைபெற்றது. 1973இல் மத்திய அரசு பாதிப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அதன்பின் குரோம் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் பெருகின. காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பணியில் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். வேலையின் ஒரு பகுதி தொழிற்சாலைக்கு வெளியே ‘ஜாப் ஒர்க்’ முறையில் நடைபெறலாயிற்று.

இத்தொழிலாளர் பேரம் பேசும் வலிமை குன்றியவர் என்பதை ஆட்சியாளர் முன்னரே அறிந்திருந்தனர். 1931இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணையம், ஒழுங்குமுறைக்கு உட்படாத தொழிற்கூடங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் தோல் பதனிடும் கூடங்களையும் சேர்த்துக்கொண்டது. 1944இல் அமைந்த ரேகே குழு இத்தொழிலுக்குத் தனி அறிக்கை வெளியிட்டது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையில், முதற்பகுதியில் இடம்பெற்ற 12 தொழில்களுள் தோல் பதனிடுதலும் தோற்பொருள் உற்பத்தியும் ஒன்று. பீடி போன்ற சிறு கூடங்களிலும் தோட்டங்களிலும் உழைப்போரைப் போலவே, தோல் தொழிலாளர் தம் ஊதியத்தைத் தாமே பேசிப்பெற இயலாதவர் என்னும் கணிப்பு இதிலுள்ளது.

அவ்வட்டவணை இவ்வட்டாரத்தின் தொழிலாளர் வரலாற்றை ஒரு திசையில் திருப்பியது எனலாம். பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தக் கூறு செய்யும் பணியை இங்கு அரசின் ஊதிய அறிவிக்கை செய்கிறது. ஆகவே புனராய்வின் பொருளும் மாறுகிறது. தீர்ப்பாயம் ஒரு கூற்றுக்கு உரைத்த பொருள் சரியா என்பதற்கு மாறாக, அரசு அறிவிக்கை வெளியிடும்போது உரிய நடைமுறையைப் பின்பற்றியதா என்பதே நீதிமன்றத்தின் முன் நிற்கும் வினா. இதனால் விளையும் காலதாமதத்துக்குத் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழில் சான்று: 2014இல் வெளியான ஊதிய அறிவிக்கை ஆலை உரிமையாளரின் வழக்குகளுக்கு உட்பட்டு, 2016இல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலைபெற்றது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட முதலாளி அதனை எதிர்ப்பது கடினம். அறிவிக்கையில் எவரும் கையொப்பமிடுவதில்லை. இவ்வேறுபாடே இரண்டின் வலிமையையும் வேறுபடுத்துகிறது.

6. எழுத்துக்குப் பின்னால்: சேலத்துப் பீடி வழக்கு

எழுதப்பட்ட ஒப்பந்தம் தொழிலாளருக்கு எதிராகவும் பயன்படலாம். இடைத்தரகரைத் தனி முதலாளியாகக் காட்டும் ஒப்பந்தம் அத்தகையது. தோல் வட்டாரத்தின் துண்டுவேலை முறைக்கு நெருங்கிய ஒப்புமை பீடித் தொழில். டி. சி. திவான் மொகிதீன் சாகிப் நிறுவனத்துக்கும் சென்னைத் தொழில் தீர்ப்பாயத்துக்கும் இடையிலான வழக்கில் தொழிலாளர் தரப்பில் நின்றது சேலம் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கம். இலையும் புகையிலையும் பெற்றுப் பீடி சுற்றுவித்துத் தரும் இடைத்தரகர்கள் தற்சார்புடைய ஒப்பந்தக்காரர்கள் என எழுத்து ஒப்பந்தங்கள் கூறின. அவ்வொப்பந்தங்கள் பெயரளவின, இடைத்தரகர் உண்மையில் நிறுவனத்தின் முகவரே, பீடி சுற்றுவோர் நிறுவனத்தின் தொழிலாளரே எனத் தீர்ப்பாயம் முடிவுசெய்தது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதனை நீக்கினார். இருநீதிபதி அமர்வு அதனை மீட்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் முடிவை உறுதிசெய்தது.

இவ்வழக்கில் புனராய்வின் இரு முகங்களும் வெளிப்படுகின்றன. தீர்ப்பாயத்தின் மெய்ம்மை முடிவில் தலையிடாத அடக்கமே இறுதியில் தொழிலாளரைக் காத்தது. அதே வேளையில், அவர்கள் வழக்காடி வென்றது ஒப்பந்தத்தின் பயனையன்று. ‘தொழிலாளர்’ என்னும் பெயரையே. துண்டுவேலையும் இடைத்தரகரும் உள்ள எந்தத் தொழிலிலும் முதல் வழக்கு இதுவாகவே அமையும்.

7. யாரோடு பேசுவது: அரக்கோணம் எடுத்துக்காட்டு

தோல் வட்டாரத்தின் கிழக்கு எல்லையில், அன்றைய வேலூர் மாவட்டத்துக்கு உட்பட்ட அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை உள்ளது. பெரிய நிறுவனத்திலும் ஒப்பந்தப் பேச்சின் வாயில் எங்ஙனம் அடைபடலாம் என்பதற்கு இது சான்று. எம்.ஆர்.எஃப். ஐக்கியத் தொழிலாளர் சங்கம் தனக்கு அங்கீகாரமும் பேரம் பேசும் உரிமையும் மறுக்கப்படுவதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமைக் குழுவிடம் முறையிட்டது. அது 2512ஆம் எண்ணுடைய வழக்காகப் பதிவாயிற்று. எச்சங்கம் தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும் எனத் தொழிலாளர் விரும்புகின்றனர் என்பது தெளிவற்ற இடங்களில், மிகுந்த பிரதிநிதித்துவம் உடைய சங்கத்தைத் தெரிவுசெய்யப் புறநிலை விதிகளை வகுக்குமாறு அக்குழு அரசைக் கேட்டுக்கொண்டது.

18(1), 18(3) பிரிவுகளின் வேறுபாடு இங்குக் கூர்மை பெறுகிறது. எச்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்வது என்பதை நிர்வாகமே தெரிவுசெய்ய முடிந்தால், ஒப்பந்தத்தை முழுமையாக மதிக்கும் நீதிமன்றக் கோட்பாடு அத்தெரிவுக்கே காவலாக அமைந்துவிடக்கூடும். ஒப்பந்தத்தின் புனிதம், ஒப்பந்தம் செய்தவரின் பிரதிநிதித்துவம் உறுதியான இடத்தில்தான் நியாயமாகும்.

8. 1996: ஒரு நீதிபதியின் இரு தோல் தீர்ப்புகள்

தோல் வட்டாரத்தின் வாழ்வை மிகுதியும் மாற்றிய நீதிமன்றத் தீர்ப்பு தொழிலாளர் வழக்கில் பிறந்ததன்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே அது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள், பாலாற்று மாசு, பாழ்பட்ட சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் கொள்கையையும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அது அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியைக் கெடுவுக்குள் பெறாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றது. ரெப்டகாஸ் தீர்ப்பை எழுதிய அதே குல்தீப் சிங்கே இதனையும் எழுதினார்.

தோல் தொழில் வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் தருவதைத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதன் ஆணைகளில் ஆலை மூடப்படும் காலத்துக் கூலி பற்றியோ பணித்தொடர்ச்சி பற்றியோ தனிக்கூறு இல்லை. இழப்பீடு இருதலைப்பில் அமைந்தது: சூழலை மீட்கும் செலவு, பாதிக்கப்பட்ட மக்களுக்கான தொகை. இதன்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல் வேலூர்ப் பகுதியில் 29,000க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிட்டது. நிலமும் கிணறும் இழந்தோரின் நியாயம் அது. ஆலைக்குள் உழைத்தோர் அக்கணக்கின் பொருளாகவில்லை.

இதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின், 1996 டிசம்பர் 19 அன்று, கல்கத்தாவின் சுமார் 550 தோல் ஆலைகளை இடம்பெயர்க்கும் தீர்ப்பையும் குல்தீப் சிங்கே எழுதினார். அங்குத் தொழிலாளரின் உரிமைகள் கூறு கூறாக வரையப்பட்டன. புதிய இடத்தில் பணித்தொடர்ச்சி உண்டு. பணி நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றலாகாது. மூடலுக்கும் மறுதிறப்புக்கும் இடைப்பட்ட காலம் பணிக்காலமாகக் கொள்ளப்பட்டு முழு ஊதியம் வழங்கப்படும். உடன் செல்வோருக்கு ஓராண்டு ஊதியம் இடமாற்று ஊக்கத்தொகையாகும். ஒரு நல்ல தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய கூறுகளை இங்கு நீதிமன்றமே எழுதிற்று எனலாம்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கல்கத்தாவில் ஆணையே இடப்பெயர்வு. எனவே வேலை என்னவாகும் என்னும் வினா தவிர்க்க இயலாதது. பாலாற்றுப் படுகையில் ஆணை சுத்திகரிப்பு. மூடல் அதனை நிறைவேற்றத் தவறியோருக்கான விளைவு. ஆயினும் மூடப்பட்ட நாளில் கூலியிழப்பவர் ஆலை உரிமையாளர் அல்லர். கூலியிழந்தவருக்கு அன்று எஞ்சியது தொழில் தகராறுகள் சட்டமே. அச்சட்டத்தின் 25சி பிரிவு வேலையற்ற நாள்களுக்குப் பாதி ஊதியம் தந்தது. ஆனால் 50 பேருக்குக் குறைவானோர் பணிபுரிந்த நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை. சிறு ஆலைகள் மலிந்த வட்டாரத்தில் இவ்விலக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகிய பின்னரும் இவ்விடைவெளி நீங்கவில்லை என்பதை 2015 ஜனவரி 31 காட்டியது. அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர். ஆலையே வீடான புலம்பெயர் தொழிலாளியைச் சென்றடையும் ஒப்பந்தக் கூறு எது என்னும் வினாவை அம்மரணங்கள் எழுப்பின.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு.

ஒப்பந்தக் கூறுகள் குறித்த நீதிப் புனராய்வு, தீர்ப்பாயத்தின் அதிகார எல்லையைக் காப்பது, ஒப்பந்தத்தை முழுமையாக மதிப்பது, அதன் தொடர்ச்சியை உறுதிசெய்வது ஆகிய மூன்று நெறிகளில் வளர்ந்தது. பாரி, ரெப்டகாஸ் முதலிய சென்னை வழக்குகள் இவ்வளர்ச்சியின் முக்கிய நிலைகள். எனினும் அந்நெறிகள் சங்கமும் நிறுவனமும் உறுதியாக அமைந்த சூழலையே முற்கோளாகக் கொண்டவை. தோல் வட்டாரத்தில் ஒப்பந்தத்தின் இடத்தை ஊதிய அறிவிக்கையும், தொழிலாளி என்னும் தகுதி பற்றிய வழக்கும், சூழலியல் தீர்ப்பும் நிரப்பின. கூற்றின் பொருளை ஆராயும் நீதிமன்றம், கூறே இல்லாதவரின் வாயிலில் வந்து நிற்பதில்லை. நீதிமன்றம் விரும்பினால் கூறுகளைத் தானே எழுத இயலும் என்பதைக் கல்கத்தாத் தீர்ப்பு காட்டியது. அவ்விருப்பம் வழக்கின் வடிவத்தைச் சார்ந்தது என்பதை வேலூர்த் தீர்ப்பு காட்டியது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். 51 விழுக்காட்டினரின் ஆதரவுபெற்ற சங்கத்தைப் பேரம் பேசும் சங்கமாக அது ஏற்கிறது. அரக்கோணம் எழுப்பிய வினாவுக்கு இது ஒரு விடை. அதே வேளையில் தொழிலாளர் நீதிமன்றம் என்னும் தனியமைப்பு அச்சட்டத்தில் இல்லை, தீர்ப்பாயமே எஞ்சுகிறது. ஊதியத் தொகுப்புச் சட்டத்தால் குறைந்தபட்ச ஊதியம் எல்லாத் தொழில்களுக்கும் விரிகிறது. 1948 முதல் தோல் தொழிலை அடையாளப்படுத்திய அட்டவணை மறைகிறது. இம்மாற்றங்கள் பாலாற்றங்கரையின் துண்டுவேலைத் தொழிலாளியை ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக ஆக்குமா என்பதே இனி நோக்கத்தக்கது. அதனை அறிய, தீர்ப்புத் தொகுப்புகளோடு சமரச அலுவலகங்களில் தேங்கிக் கிடக்கும் 12(3), 18(1) ஒப்பந்தப் படிகளையும் ஆய்வாளர் தொகுத்து ஆராய வேண்டும். தீர்ப்பில் இடம்பெறாத தொழிலாளரின் வரலாறு அப்படிகளிலும், அவை இல்லாத வெற்றிடத்திலும் உள்ளது.